பீரோக் கண்ணாடியில் நின்றவர்

பழைய நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, கணினியில் சுத்தம் செய்து கொடுப்பது என் தொழில். படித்தது எலெக்ட்ரானிக்ஸ். சென்னையில் ஒரு நிறுவனத்தில் மூன்று வருடம் படங்களின் தரம் பார்க்கும் வேலையில் இருந்துவிட்டுக் கடலூருக்குத் திரும்பி வந்து, மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு ஸ்கேனரும் இரண்டு திரைகளுமாக உட்கார்ந்தேன். எந்த வேலை வந்தாலும் முதலில் பட்டியல் போடுவேன். நான் இங்கே சொல்லப்போகும் வேலைக்குப் போட்ட பட்டியலில் ஏழு குறைகள் இருந்தன: தூசி, கீறல், பூஞ்சை, நீர்க்கறை, விரல் ரேகை, வெளிறல், தேவையற்ற உருவம்.

ஏழாவதன் கீழ் நாற்பத்தொரு படங்களைத் திருத்தினேன். அந்த நாற்பத்தொன்றிலும் நான் நீக்கியது ஒரே பெண்மணியை.

சிதம்பரத்தில் தேர் ஓடும் வீதி ஒன்றின் பின்பக்கச் சந்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அதை நடத்தியவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவருடைய மகன் அதே இடத்தில் பிளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். அப்பா எடுத்த படங்களைப் புத்தகமாகப் போட வேண்டும், அந்த வெளியீட்டு நாளில் ஒரு மண்டபத்தில் கண்காட்சியும் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் ஐந்து பிஸ்கட் டின்களைக் கொண்டுவந்து என் அறையில் இறக்கினார்.

"எல்லாம் அப்பா எடுத்ததும்மா. தானே புயல்ல மேல ஷீட்டு பறந்து மழத்தண்ணி உள்ள பூந்துட்டுது. எது தேறுமோ பாருங்க."

டின்னைத் திறந்ததும் மூக்கில் ஏறியது வினிகர் வாடை. பிலிமே சிதைகிறபோது வருகிற வாடை அது. ஒன்றிலிருந்து பக்கத்தில் இருப்பதற்குப் பரவும். அன்றே அவருக்கு ஒரு மெயில் எழுதினேன். எண் போட்டுத்தான் எழுதினேன். நான்காவது: ஸ்கேன் முடிந்த நெகட்டிவ்களை இனிமேல் பாதுகாத்துப் பயனில்லை, அப்புறப்படுத்திவிடலாம். ஐந்தாவது: சுத்தம் செய்வதற்கு முந்தைய மூலக் கோப்புகள், வேலையை ஒப்படைத்த நாளிலிருந்து தொண்ணூறு நாள் என்னிடம் இருக்கும், அதற்குப் பிறகு அழிக்கப்படும். அவர் "ஓகே மேடம்" என்று ஒரே வரியில் பதில் போட்டார். தெளிவாக எழுதிவிட்டோம் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

டின்களில் பாதிக்கு மேல் மஞ்சள் நீராட்டுப் படங்கள். வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பட்டுப் பாவாடை கட்டி, பின்னலில் பூ வைத்துத் தைத்து, அந்த ஜடையோடு ஒரு படம் எடுப்பார்கள். முகமும் தெரிய வேண்டும், முதுகில் தொங்கும் ஜடையும் தெரிய வேண்டும். அதனால் பெண்ணுக்குப் பின்னால் கண்ணாடி வேண்டும். கிராமத்து வீட்டில் இருப்பதிலேயே பெரிய கண்ணாடி, பீரோக் கதவில் இருப்பது. கதவைக் கொஞ்சம் திறந்து, கோணம் பார்த்து, அதன் முன்னால் பெண்ணை நிறுத்துவார்கள். ஒரே படத்தில் முன்பக்கம் பெண்ணும், பின்பக்கம் பூவும். அந்தக் காலத்துச் சதுர நெகட்டிவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு பிரேம்.

ஒவ்வொரு ரோலிலும் ஏதோ ஒரு பிரேமில், கண்ணாடியின் ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். புடவை, குனிந்த தலை, நேர் வகிடு. முகம் தெரியாது. இரண்டு கைகளும் வயிற்றுக்கு மேலே எதையோ பிடித்திருக்கும். முதல் சில படங்களில் உறவுக்காரி யாரோ தட்டோடு குறுக்கே வந்துவிட்டாள் என்று நினைத்து நீக்கினேன். பிறகு ரோலுக்கு ஒன்று என்ற கணக்கு எனக்குப் பிடிபட்டது. என் பதிவேட்டில் இப்படி எழுதினேன்: "ரோல்தோறும் ஒரு பிரேமில் திரும்ப வரும் குறை." ஒழுங்காகத் திரும்பி வருகிற பிழைக்குக் காரணம் ஒன்றுதான் இருக்கும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். காரணத்தைத் தேடவில்லை. ஒழுங்காக வந்ததால் நீக்குவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

இருபத்திரண்டாவது படத்தில் வேலையை நிறுத்தினேன். அந்த வீட்டு ஜன்னல் திறந்திருந்தது போலும். வெளிச்சம் அவள் கைகளில் விழுந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். கைகளுக்கு நடுவே ஒரு பெட்டி. பெட்டியின் முகத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வட்டக் கண்ணாடிகள். மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கிற பழைய கேமரா அது. கண்ணாடிக்குள்ளிருந்து நம்மை நோக்கிக் கேமரா பிடித்திருப்பவர் யாராக இருக்க முடியும்? அந்தப் படத்தை எடுப்பவர். இதற்கு எலெக்ட்ரானிக்ஸ் கூட வேண்டாம். பள்ளிக்கூடத்து ஒளியியல் போதும்.

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறையில் அந்த நிமிடம் எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். மகனுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். "அண்ணா, கண்ணாடியில யாரோ ஒரு அம்மா கேமராவோட நிக்கிறாங்க, யாரு?" என்று ஒரே கேள்வி. கேட்டால், முன்பு முடித்த இருபத்தொன்றையும் திரும்பத் திறக்க வேண்டிவரும். ஒப்படைக்கும் தேதியைத் தள்ள வேண்டிவரும். ஸ்டூடியோவில் வேலை பார்த்த யாராவதாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பூவுக்குப் பின்னால் இருந்த சுவரை நகலெடுத்து அவள் மேல் பூசினேன். மீதிப் பத்தொன்பது படங்களையும் அதே வேகத்தில் முடித்தேன். வேலையைச் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஒப்படைத்துவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து மகன் கூப்பிட்டார். புத்தகத்தின் மாதிரிப் பக்கங்கள் அச்சாகி வந்துவிட்டன, அச்சகத்துக்கு இறுதிக் கோப்பு போகப் பத்து நாள்தான் இருக்கிறது, நிறம் சரியாக இருக்கிறதா என்று வந்து பார்க்க முடியுமா என்றார். கடைக்கு மேலேயே வீடு. அங்கேதான் அவருடைய அம்மாவை முதன்முதலாகப் பார்த்தேன். அறுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு, பெரிய குரல்.

"இவுங்கதான் போட்டோவ எல்லாம் கிளீன் பண்ணவுங்க," என்றார் மகன்.

"இவ்ளோ சின்னப் பொண்ணா? நான் கண்ணாடி போட்ட பெரிய மனுஷின்னு நெனச்சேன். உக்காரு. காப்பியா டீயா?"

மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினோம். அம்மா ஒவ்வொரு படத்துக்கும் ஊர் சொன்னார்.

"தோ, இது காடாம்புலியூரு. முந்திரிக்கொட்ட சுட்ட கையோட வந்து பொண்ணப் புடிச்சிகினு நின்னாளுங்க, பாவாடையெல்லாம் கறை. இது பெண்ணாடம். இவ அழுதுகினே இருந்தா, தல பாரம் தாங்கலன்னு. அன்னிக்கி கரும்பு லாரி ரோட்ட அடச்சிகினு நின்னுட்டுது. உங்கப்பா கேமரா பையத் தலமேல வச்சிகினு நடந்தாரு, நான் பின்னாடி ஸ்டாண்ட தூக்கிகினு."

மகன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அம்மாவுக்கு எல்லா ஊரும் ஞாபகம் இருக்குது பாருங்க. அப்பாவுக்கு லைட்டு புடிக்கக் கூடவே போவாங்க."

நான் சிரிக்கவில்லை. ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போனேன் என்று அவர் சொன்னதுமே என் கை மேஜைக்கு அடியில் போய்விட்டது. அம்மா அதற்கடுத்த பக்கத்தில் பேச்சை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். பக்கத்தைத் தூக்கிக் கண்ணருகே கொண்டுபோனார். அதை வைத்துவிட்டு அடுத்தது. மறுபடி அடுத்தது.

"எங்க நானு?"

"நீ எங்கம்மா இதுல இருக்கப்போற?" என்றார் மகன்.

"கண்ணாடில இருந்தன்டா. இதுல கண்ணாடி காலியா கெடக்குது. இதுலயும் காலி."

"நீ எதுக்குக் கண்ணாடில?"

"எடுத்தவ கண்ணாடில வுழாம எங்க வுழுவா? வயசுக்கு வந்த பொண்ணு உக்காந்திருக்கற ரூமுக்குள்ள உங்கப்பாவ வுடுவாங்களாடா? அவரு பந்தல்ல மாமனுங்கள நிக்க வச்சி எடுப்பாரு. உள்ள பூராவும் நானு. பொண்ணுக்குத் தண்ணி ஊத்தறது, ஜடை, வளைகாப்பு, புள்ள பெத்தவ, எல்லாம் நானு."

"லைட்டு புடிக்கத்தான் போறன்னு சொல்லுவியே."

"லைட்டும் புடிச்சேன். ஒரு கையி லைட்டு, ஒரு கையி கேமரா. ஆண்டவன் ரெண்டு குடுத்திருக்கறான் இல்ல?"

மகனுக்கு உண்மையிலேயே தெரியாது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "அப்பா ஒரு நாளும் சொல்லலியேம்மா," என்றார்.

"நீ கேட்டியா? அவரும் கெட்ட மனுஷன் இல்ல. போர்டுல ஒரு பேருதான் எழுத எடம் இருக்குதுன்னாரு. போர்டுல இருக்கற பேருதான் ரப்பர் ஸ்டாம்புல. ஸ்டாம்புல இருக்கறதுதான் ஆல்பத்துல. வுடு. நெகட்டிவ எடுத்துப் பாரு, நான் இருப்பேன்."

மகன் கையிலிருந்த பக்கத்தை மேஜையில் வைத்தார். பிறகு மெதுவாக, "நெகட்டிவ் இல்லம்மா. நாத்தம் ஜாஸ்தியா இருந்துதுன்னு பின்னாடி போட்டுக் கொளுத்திட்டேன். மேடந்தான் மெயில்ல வேணாம்னு போட்டிருந்தாங்க," என்றார். அவர் என்மேல் பழி போடவில்லை. எண் போட்டு எழுதியிருந்ததை அப்படியே சொன்னார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மூலக் கோப்புகள் தொண்ணூறாம் நாளே அழிந்துவிட்டன என்று நான் சொன்னேன். விதிமுறையைச் சொல்கிற குரலில் சொன்னேன். வேறு குரல் வரவில்லை.

அம்மாவுக்குக் கோப்பு, தொண்ணூறு நாள் எதுவும் முக்கியமாகப் படவில்லை. அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"உனக்குத் தெரியலியா பாப்பா? கையில கேமரா இருந்துச்சே."

"தெரியலம்மா," என்றேன். "இருட்டா இருந்துது."

அவர் தலையாட்டினார். நம்பிவிட்டார். ஒரு நல்ல காரணம் கிடைத்ததில் அவருக்கே ஓர் ஆறுதல் இருந்தது போலத் தெரிந்தது. அந்த ஆறுதலைப் பார்த்துக்கொண்டே அவர் கொடுத்த காபியை முழுதாகக் குடித்தேன்.

மகன் என்னோடு கீழே இறங்கி வந்தார். "மொத பக்கத்துல 'படங்கள்'னு போட்டு அப்பா பேரு இருக்குது. அம்மா பேரயும் போடறதுக்கு எனக்கு ஆசைதான். ஆனா சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் வருவாங்க. அண்ணன் செத்தப்புறம் பேரையும் எடுத்துட்டீங்களான்னு கேப்பாங்க. அம்மா கேமராவோட நிக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு இருந்தாக்கூட போதும், யாரும் வாயத் தொறக்க முடியாது. வீட்டுல தேடிப் பாத்துட்டேன். அம்மாவ வச்சி அப்பா எடுத்த படத்துல எல்லாம் கையில கொடம், இல்லன்னா கைக்கொழந்தையா நானு."

பத்து நாளில் ஒரே ஒரு படம். பஸ்ஸில் கடலூர் திரும்பும்போது பட்டியல் போட்டேன். நெகட்டிவ் இல்லை. மூலக் கோப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் அச்சுப் படம் கொடுத்திருப்பார்கள். நெகட்டிவ் உறைகளின் மேல் எழுதியிருந்த விலாசங்களை நான் பதிவேட்டில் ஏற்றியிருந்தேன். அம்மாவிடமோ மகனிடமோ சொல்லாமல் போகத் தீர்மானித்தேன். படத்தோடு போய் நின்றால், மற்றது எதையும் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற எண்ணம்தான். அவருக்காகப் போனேன் என்று சொல்ல முடியவில்லை.

கிள்ளைப் பக்கத்தில் மூன்று விலாசங்கள். இரண்டு வீடுகளில் பழைய ஆல்பம் எதுவும் இல்லை, சுனாமியில் போனது. மூன்றாவது வீடு கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. படத்தில் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் நின்ற பெண் இப்போது அந்த வீட்டில் துணி தைக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டுப் பீரோவைத் திறந்தார். அதே பீரோ. கண்ணாடியில் ஒரு மூலை ரசம் போயிருந்தது.

"இதுக்கு முன்னாடிதான்மா நிக்க வச்சாங்க. எங்க மாமா உள்ள வந்து எட்டிப் பாத்தாரு. அந்தக்கா 'அந்தாண்ட போய்யா, நெழலு வுழுது'ன்னு தொரத்திட்டாங்க. ஊரே பயப்படும் எங்க மாமாவுக்கு!"

"எந்தக்கா?"

"போட்டோக்காரக்காதான். சிதம்பரத்துலேந்து வருவாங்களே. செம திட்டு. 'மொகத்தத் தூக்குடி, கல்யாணத்துக்கா கூப்புடறேன், போட்டோவுக்குத்தான கூப்புடறேன்'ன்னாங்க. சிரிச்சிட்டேன். அந்தச் சிரிப்புதான் இது."

அவர் நீட்டிய படத்தில் சிரிப்பு இருந்தது. ஜடை இருந்தது. கண்ணாடியின் ஓரத்தில் யாரும் இல்லை. பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஓரம் முழுவதும் மெல்லிய சாம்பல் மை; கூர்நுனித் தூரிகையால் புள்ளி புள்ளியாக வைத்து, சுவரின் வெளிச்சத்துக்குச் சரியாக இழைத்திருந்தார்கள். நான் கணினியில் செய்ததைவிட நேர்த்தியாக இருந்தது.

"அந்தக்கா இருக்கற மாதிரி படம் ஏதாவது இருக்கா அக்கா?" என்று கேட்டேன்.

"போட்டோ எடுக்கறவங்க போட்டோல எப்டிம்மா இருப்பாங்க?" என்று அவர் சிரித்தார்.

சிதம்பரம் பஸ்ஸுக்காக நிற்கும்போது அந்தச் சிரிப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் எத்தனை வீட்டுப் பீரோக்களுக்குள் இப்படி ஜடைப் படங்கள் இருக்கும். எல்லாவற்றின் பின்பக்கமும் ஏதோ ஒரு ஸ்டூடியோவின் ரப்பர் ஸ்டாம்ப், அதில் ஓர் ஆணின் பெயர். உள்ளே போய் எடுத்தது யார் என்று அந்த வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரியும். யாரும் மறைக்கவில்லை, கேட்டால் சொல்கிறார்கள். கேட்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. தோன்றியும் கேட்காமல் விட்டேன்.

பஸ்ஸில் ஏறியதும் போனில் ஒரு செய்தி வந்தது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து யாரோ, தாத்தா படத்தைச் சரிசெய்ய வேண்டும், நீங்கள் செய்த மாதிரி வேலைகள் ஏதாவது காட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். வழக்கம்போல என் தொழில் பக்கத்தின் இணைப்பை அனுப்பப் போனேன். பக்கத்தைத் திறந்ததும் முதலில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

திருத்துவதற்கு முன்பும் பின்பும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானே போட்ட விளம்பரம். இடப்பக்கம், இருபத்திரண்டாவது படம், திருத்தாதது. ஜன்னல் வெளிச்சம், புடவை, குனிந்த தலை, கைக்குள் கேமரா, இரண்டு வட்டங்கள். வலப்பக்கம், காலிக் கண்ணாடி. மேலே நான் எழுதியிருந்தது: "தேவையற்ற உருவங்களைத் தடயமின்றி நீக்கித் தருகிறோம்." நாற்பத்தொன்றில் இதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன், ஏனென்றால் இதில்தான் உருவம் தெளிவாகத் தெரிந்தது, தெளிவாகத் தெரிந்ததை நீக்கினால்தானே திறமை தெரியும்.

மகன் தேடிய ஆதாரம் என் கையிலேயே இருந்தது. "இருட்டா இருந்துது" என்று நான் சொன்னது பொய் என்பதற்கும் அதுவே ஆதாரம். சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். இடப்பக்கப் பாதியை மட்டும் வெட்டி எடுத்து, தனியாகச் சேமித்தேன். விளம்பரத்தைப் பக்கத்திலிருந்து மறைத்துவைத்தேன். பழைய டிஸ்க் ஒன்றில் தேடியதில் கிடைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

அம்மா மட்டும்தான் வீட்டில் இருந்தார். போனை நீட்டினேன். அவர் வாங்கி, வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் போய் நின்றார்.

"நான்தான்," என்றார் பிறகு. "இந்தப் பொடவ எங்கம்மா எடுத்துக் குடுத்தது. தோ பாரு, எவ்ளோ ஒல்லி." தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "எங்கேந்து கெடச்சுது?"

"பழைய டிஸ்க்ல இருந்தும்மா."

அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கேமராவில் நிறுத்தினார். பிறகு படத்தின் வலது ஓரத்துக்குப் போனார். மறுபடி கேமராவுக்கு வந்தார்.

"நல்லா தெரியுதே பாப்பா. இருட்டுன்னியே."

நான் போனை வாங்கக் கையை நீட்டினேன்; அவர் விடவில்லை.

"இந்தாண்ட என்னமோ வெட்டிக்கிது. இந்த ஓரம் நான் எடுத்த ஓரம் இல்ல. பொண்ணு தோள இடிக்க வெட்ட மாட்டேன் நானு. இதுக்குப் பக்கத்துல என்னா இருந்துது?"

வருடக்கணக்கில் நெகட்டிவும் மையுமாக இருந்த கண் அது. போனை வாங்கி, மறைத்துவைத்திருந்த விளம்பரத்தைத் திறந்து கொடுத்தேன். அவர் வலப்பக்கத்துக் காலிக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு மேலே இருந்த வரியை எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படித்தார். "தேவையற்ற உருவங்களை..." அங்கே ஒரு முறை நிறுத்திவிட்டு, மீதியையும் படித்து முடித்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்மா," என்றேன். "கேமரான்னு தெரிஞ்சுது. அத வச்சிருக்கறவங்கதான் படம் எடுக்கறாங்கன்னும் தெரிஞ்சுது. யாருன்னுதான் தெரியல. கேக்கணும்னு நெனச்சேன். கேக்கல. வேல நின்னுடும்னு கேக்கல."

"ம்."

"அன்னிக்கி பொய் சொல்லிட்டேன்."

"அதான் இப்ப தெரியுதே." அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கோபத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது என்னை அல்ல, போனை. "பன்னண்டுல ஒண்ணு எனக்குன்னு வச்சிருந்தேன். ரெண்டு அடி தள்ளி நின்னா கண்ணாடில வுழ மாட்டேன். எனக்குத் தெரியாதா? வேணும்னுதான் நின்னேன். பதினோரு பிரேமு அவுங்களுக்கு, ஒரு பிரேமு எனக்கு. சில வாட்டி அதுதான் நல்லா வந்து தொலைக்கும். அப்ப பிரிண்டுல நானே மை வச்சி என்ன அழிச்சிட்டுக் குடுத்துடுவேன். 'எங்க பொண்ணு படத்துல ஸ்டூடியோக்காரி எதுக்கு'ன்னு கேப்பாங்க இல்ல. ஆனா நெகட்டிவ்ல மட்டும் கை வைக்க மாட்டேன்."

"ரோலுக்கு ஒண்ணுன்னு எனக்குத் தெரியும்மா. எண்ணியிருக்கேன்."

"எண்ணினியா?" அவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "எத்தினி?"

"நாப்பத்தி ஒண்ணு."

"நாப்பத்தி ஒண்ணு," என்று அவர் திருப்பிச் சொன்னார். "நான் எண்ணினதே இல்ல."

அந்தக் கணக்கை வைத்திருந்தது உலகத்திலேயே நான் ஒருத்திதான். அழிப்பதற்காக எண்ணிய கணக்கு. அதற்குப் பிறகு பல முறை பல விதமாக மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், ஆனால் அந்த மூன்று வார்த்தைக்கு எதிரே எதுவும் நிற்கவில்லை.

மகன் வந்ததும் அம்மாவே போனை அவரிடம் கொடுத்தார். அவர் பார்த்தார், படித்தார், என்னைப் பார்த்தார். "ச்சே," என்று ஒரே சொல். எதைப் பார்த்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பிறகு வேலைப் பேச்சு வந்தது. விளம்பரத்துக்காகச் சுருக்கிய படம் அது. அச்சில் உள்ளங்கை அளவுக்குமேல் போனால் கட்டம் கட்டமாகத் தெரியும் என்று சொன்னேன். அந்த அளவிலேயே போடு, முதல் பக்கத்தில் போடு என்றார் அம்மா. பெயர்கள் எப்படி என்று மகன் கேட்டார். வெளியே எடுத்தது அவர், உள்ளே எடுத்தது நான், அப்படியே போடு என்றார். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து நூற்றுச்சொச்சம் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, உள்ளே, வெளியே என்று பிரித்து எழுதினோம். உள்ளே என்பதுதான் அதிகம் வந்தது.

கடைசியில் "ஸ்கேன், சீரமைப்பு" என்ற வரி இருந்தது. அதில் என் பெயர்.

"இத எடுத்துடலாம்மா," என்றேன்.

"எதுக்கு?"

"நான் செஞ்சது..."

"இருக்கட்டும். எடுத்தது யாருன்னு போடறோம் இல்ல, அழிச்சது யாருன்னும் தெரியட்டும்," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எடுக்க விடவில்லை.

கண்காட்சி அன்று மண்டபத்தில் நல்ல கூட்டம். சித்தப்பா, பெரியப்பாக்கள் வந்தார்கள். நுழைவாயிலில் பெரிதாக மாட்டாமல் சின்னதாக மாட்டியிருந்த அந்தப் படத்தின் முன்னால் நின்று, கிட்டே போய்ப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார்கள். மீதி நாற்பது ஜடைப் படங்களும் சுவர் நீளத்துக்கு வரிசையாக இருந்தன. மாற்ற முடியாது, எங்களிடம் வேறு இல்லை. நாற்பது பெண்கள், நாற்பது ஜடைகள், ஓரத்தில் யாருமில்லாத நாற்பது கண்ணாடிகள்.

கேமரா தோளில் தொங்க ஒருவர் அந்த வரிசையை நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மாவும் நானும் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். சீரமைத்தது நான்தான் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நேரே என்னிடம் வந்து, "இவ்ளோ பழைய படத்துல கண்ணாடியில ஒரு புள்ளிகூட இல்லியேம்மா. எப்டி இவ்ளோ சுத்தமா எடுத்தீங்க?" என்று கேட்டார்.

என்ன சொல்வதென்று நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"அவ ரொம்ப சுத்தமா வேல செய்வா சார்," என்றார். "என்னையே கேளுங்க."